நாலு டாக், ஒரு நாயனம்

எங்கள் ஊர் ஆடுதுறைக்குப் பக்கம். அப்பா காலத்திலிருந்து மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று 30 வருடமாக ஆம்ப்ளிஃபையரோடும் ஸ்பீக்கரோடும்தான் பிழைப்பு. வேலைக்குக் கட்டுகிற செட் வேறு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிற செட் வேறு. அந்த வீட்டு செட்டுக்கு எந்த டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கு மாற்றிக் கொடுக்கிற பெட்டி) வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நாலை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

டாக் செய்கிற வேலை ஒன்றுதான். சிடியில் பாட்டு இருப்பது வெறும் எண்களாக: இடது வலது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண், ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. அந்த எண்களை ஏறி இறங்கும் வோல்டேஜாக மாற்றி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது டாக். போனிலும் டிவியிலும் லேப்டாப்பிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தனியாக வாங்குவதால் என்ன கூடுகிறது என்பதுதான் கேள்வி.

நான் எடுத்துக்கொண்ட நாலு: லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளை, 900 ரூபாய்க்கு வாங்கிய ஆப்பிள் யுஎஸ்பி-சி அடாப்டர் (ஒரு சின்ன வெள்ளைக் கம்பி), டாப்பிங் ஈ30 (ஏகேஎம் கம்பெனியின் ஏகே4493 சிப் போட்டது), நாலாவது, பிலிப்ஸின் பழைய டிடிஏ1543 சிப்பை நாலாக அடுக்கிச் செய்த, பெயர் சொல்லும்படி இல்லாத ஒரு பெட்டி. இந்த நாலாவது வகையைப் பற்றித்தான் "அனலாக் மாதிரி இனிமை" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு நான் எடுத்துக்கொண்டது நாதஸ்வரம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு நாதஸ்வர வித்வான் இருக்கிறார், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். போன வைகாசித் திருவிழாவில், சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் மண்டபத்தில் உட்கார்ந்து தவில், தாளத்தோடு அவர் வாசித்ததை, ஆறடி தள்ளிக் கையடக்க ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தம் என் காதில் இருக்கிறது. ஸ்டுடியோவில் யாரோ எப்படியோ பதிந்த பாட்டில் எது நிஜம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருடைய நாயனம் நரசிங்கம்பேட்டையில் கடைந்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தில் செய்த உலவு, அதாவது குழல். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி திருவாவடுதுறை. ஒரு சுரம் தொடங்கும் முன் சீவாளியில் காற்று 'ஸ்' என்று நுழைகிற அந்தச் சின்ன நேரம், தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி விழுகிற 'தொம்', வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடு படுகிற வறட்டுச் சத்தம், தாளம் என்கிற ஜால்ராவின் கணீர் மெல்ல அடங்குகிற வால், இந்த நாலையும் ஒரு பெட்டி சரியாகக் கொடுத்துவிட்டால் எனக்குப் போதும். நாலு டாக்குக்கும் ஒரே கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டாக மாற்றியது.

முதல் நாள் வெறுமனே மாற்றி மாற்றிப் போட்டேன். வீட்டில் எல்லாரும் ஈ30தான் பிரமாதம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தவில் நெஞ்சில் வந்து அறைந்தது. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தேன். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை முழு அளவில் ஓடவிட்டு அளந்தால், ஆப்பிள் அடாப்டர் 1 வோல்ட், ஈ30 2 வோல்ட். இரண்டு மடங்கு வோல்டேஜ் என்றால் 6 டெசிபல் கூடுதல். நாங்கள் பிரமாதம் என்றது வால்யூமை. மைக் செட்காரனுக்கு இது புதிதில்லை. இரண்டு செட் போட்டியில் சத்தம் ஒரு பங்கு கூட வைத்தவன் செட்தான் நல்ல செட் என்று ஊர் சொல்லும். டாக் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடையிலோ நண்பர் வீட்டிலோ சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டுக் காட்டினால் அந்த ஒப்பீட்டை நம்பாதீர்கள். காதால் சமப்படுத்துவதும் போதாது. ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, இரண்டாவது தசமம் வரைக்கும் ஒன்றாக்குங்கள். சாதாரண மீட்டர் அதிக ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100 ஹெர்ட்ஸ்.

சமப்படுத்திய பிறகு என் அக்கா மகனை ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் உட்கார வைத்தேன். லேப்டாப்பிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு டாக்குக்கும் பாட்டு போகும்படி அவனே அமைத்தான். காசு சுண்டிப் போட்டு, பூவா தலையா பார்த்து, செலக்டரைத் திருப்புவான். "மாமா, சொல்லுங்க" என்பான். நான் எது என்று சொல்ல வேண்டும், அவன் நோட்டில் குறித்துக்கொள்வான்.

ஆப்பிள் அடாப்டரா ஈ30-யா: 16 தடவையில் 9 சரி. அது குருட்டுக் கணக்குதான். மறுநாள் காலையில் காது தெளிவாக இருக்கும்போது இன்னொரு தடவை செய்தேன், 16-க்கு 7. சீவாளியின் காற்று, கழியின் அடி, தாளத்தின் வால், எல்லாம் இரண்டிலும் அப்படியே இருந்தன. 900 ரூபாய்க் கம்பி இதைச் செய்கிறது என்பதை நான் மனமார மெச்சுகிறேன்.

லேப்டாப் துளையை எளிதில் கண்டுபிடித்தேன். பாட்டில் வித்தியாசம் இல்லை. வாசிப்பு நின்ற இடங்களில் பின்னால் மெல்லிய இரைச்சல். மவுஸை நகர்த்தினால் கிரீச் என்று ஒரு சிணுங்கல்.

இனி நாலாவது பெட்டி. 16-க்கு 15 சரியாகச் சொன்னேன். காரணம் மாயம் ஒன்றுமில்லை. மற்ற டாக்குகள் இரண்டு எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டு மேலும் எண்களை நிரப்பி, அப்புறம் வடிகட்டுகின்றன. இந்தப் பெட்டியில் அந்த வேலை கிடையாது. எண் வந்தால் அந்தப் படியிலேயே நின்று, அடுத்த எண்ணுக்குத் தாவும். இப்படிப் படிக்கட்டாகப் போனால் உச்ச ஸ்தாயிச் சத்தம் தேயும்: 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்கும் கொஞ்சம் மேல். கணக்கு அப்படித்தான் வரும், காதிலும் அப்படித்தான் விழுந்தது. தாளத்தின் கணீர் மேல் ஒரு மெல்லிய துண்டைப் போர்த்தின மாதிரி இருந்தது. நான் பிடித்துக்கொண்டது அந்தத் தாளத்தை வைத்துத்தான். தாளம் இல்லாத ஆலாபனைப் பகுதியை மட்டும் போட்டுச் சோதித்தபோது 16-க்கு 10 ஆகிவிட்டது.

இனிமையாக இல்லையா என்றால், இருக்கிறது. கூர்மையாகப் பதிந்த பழைய சிடிக்களை அதில் கேட்க இதமாகவே இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் நான் கேட்ட தாளம் அதுவல்ல. அந்த இதம் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையரில் உச்ச ஸ்தாயிக்கான ட்ரெபிள் திருகை ஒரு நூல் குறைத்தால் வந்துவிடும். அந்தப் பெட்டியோடு வந்த கரண்ட் அடாப்டரும் சரியில்லை. சாயந்திரம் பக்கத்துக் கொல்லையில் பம்புசெட் ஓடத் தொடங்கினால் பெட்டியிலிருந்து 'ங்ங்' என்று ஒரு முனகல். வேறு 12 வோல்ட் சப்ளை போட்டதும் நின்றது.

உறுமல் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது அதுதான். லேப்டாப் சார்ஜருக்கு மூன்று முள் பிளக், ஆம்ப்ளிஃபையருக்கும் மூன்று முள். இரண்டு எர்த்தும் யுஎஸ்பி கம்பி வழியாகக் கைகோத்துக்கொண்டு சுற்று போட்டுவிட்டால், எந்த டாக் இருந்தாலும் ஸ்பீக்கர் உறுமும். சார்ஜரைப் பிடுங்கினால் அடங்கும். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார் எலக்ட்ரீஷியன். செய்தேன், உறுமல் போகவில்லை. தீர்வு ஆப்டிகல் கேபிள். அதில் போவது வெளிச்சம், செம்புத் தொடர்பே இல்லை. டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து ஈ30-க்கு ஒன்று இழுத்தேன், கூடம் அமைதியானது. ஈ30-யை நான் வைத்துக்கொண்டதற்குக் காரணம் இந்த ஆப்டிகல் துளையும், கூடவே வரும் ரிமோட்டும். சாய்வு நாற்காலியிலிருந்து எழாமல் வால்யூம் மாற்றலாம். காரணம் ஒலி அல்ல.

மாசியில் அறுவடை முடிந்து 40 மூட்டை நெல் கூடத்தின் பின் சுவரில் அடுக்கினோம். அன்றைக்கு ராத்திரி அதே கோப்பைப் போட்டேன். சிவப்புச் சிமெண்டுத் தரையிலும் வெறும் சுவரிலும் மோதித் திரும்பிக்கொண்டிருந்த எதிரொலி போய், தொப்பியின் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. நாலு டாக்குக்கும் நடுவில் நான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசத்தைவிட இது பல மடங்கு. மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகு, அந்தச் சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வைத்திருக்கிறேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை, பேசி முடிவு செய்ய வேண்டும்.

அண்ணனை ஒரு நாள் கூப்பிட்டு நாலையும் போட்டுக் காட்டினேன். ஆப்பிள் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "தம்பி, அந்த இடத்தைத் திரும்பப் போடு" என்றார். போட்டேன். "இங்கதான் சீவாளி மாத்தினேன். புதுசு, இன்னும் ஈரம் ஏறல, கேட்குதா?" என்றார். மூன்றாவது தடவை எனக்கும் கேட்டது.