பூட்டின வீட்டுக்கு ராத்திரி ரோந்து: 4 ஸ்டார் குடுக்கேன், ஆனா துப்பாக்கி வேண்டாம்

வெளியூர் போறப்ப வீட்டை பூட்டிட்டு போறோம்னு ஸ்டேஷன்ல எழுதி குடுத்தா ராத்திரி ரோந்து வாறவங்க வந்து பாத்துட்டு போவாவ இல்லியா, அந்த சர்வீஸ் பத்தி தான் இந்த ரிவ்யூ. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நிறைய வீட்டுல யாராவது கல்ஃப்ல இருப்பாவ, மீதி பேரு வேளாங்கண்ணி, பிள்ளைங்க வீடுன்னு கெளம்பிடுவோம், வீடெல்லாம் ரப்பருக்கும் வாழைக்கும் நடுவுல தனியா கெடக்கும், சத்தம் போட்டா பக்கத்து வீட்டுக்கு கேக்காது. இப்படி ஒரு வசதி இருக்குறது நிறைய பேருக்கு தெரியாது, காசு ஒண்ணும் கெடையாது.

நான் குடுத்த ஸ்டேஷன் பேரு வேண்டாம். வெள்ளைப் பேப்பர்ல அட்ரஸ், என்னைக்கு போறோம் என்னைக்கு வாறோம், நம்ம நம்பர், பக்கத்துல ஒரு ஆள் நம்பர், இவ்வளவு தான். கேட்ல ஒரு நோட்டு தொங்க விடுங்கன்னு சொன்னாவ, மழைக்கு நனையாம பிளாஸ்டிக் கவர் போட்டு கட்டிட்டு போனேன். திரும்பி வந்து பாத்தா 12.50, 3.10ன்னு டைம் போட்டு கையெழுத்து இருக்கு. சென்னையில மக வீட்டுல இருந்து கேமராவுலயும் பாத்தேன், ஒரு போலீஸ்காரரும் ஊர்க்காவல் படை பையனும் பைக்ல வந்து முன் பூட்டை பிடிச்சு ஆட்டி பாத்து, கிணத்தடி வர போய் டார்ச் அடிச்சு, தேங்காய் போட்டு வச்சிருக்குற ஷெட்டுக்குள்ளயும் எட்டி பாத்துட்டு போறாவ. இவ்வளவு செய்வாவன்னு நான் எதிர்பாக்கல. என்ன, நல்ல மழை பெஞ்ச ரெண்டு ராத்திரிக்கு ஒரே பேனா, ஒரே 2.15, ஒரே சாய்வுல கையெழுத்து, மூணாம் நாள் வந்து சேத்து போட்டிருப்பாருன்னு நெனைக்கேன், அதுக்கு தான் ஒரு ஸ்டார் பிடிச்சது.

அந்த வீடியோவ குடும்ப குரூப்புல போட்டது தான் தாமசம், சண்டை தொடங்கியாச்சு. "கையில ஒரு கம்பும் டார்ச்சும், இவரை பாத்து எந்த கள்ளன் ஓடுவான், ஆளுக்கொரு துப்பாக்கி குடுக்க வேண்டாமா"ன்னு மச்சான் கேக்காரு. அவரு சும்மா கேக்கல, கேரளா பார்டர்ல உள்ள களியக்காவிளைய மனசுல வச்சு தான் கேக்காரு. 2020 ஜனவரி 8 ராத்திரி அங்க செக்போஸ்ட் டியூட்டியில இருந்த சிறப்பு எஸ்ஐ வில்சனை ரெண்டு பேரு வந்து சுட்டு கொன்னானுவ, அடுத்த வாரமே கர்நாடகா உடுப்பியில பிடிச்சாச்சு, கேஸ் மத்திய அரசோட என்ஐஏ (தேசிய புலனாய்வு முகமை) வர போச்சு. நம்ம ஊரு ஆளு யாருக்கும் அது மறக்காது. ஆனா மச்சான்கிட்ட நான் கேட்டது ஒண்ணு தான், பக்கத்துல வந்து திடீர்னு சுடுறவன் முன்னால இடுப்புல இருக்குற துப்பாக்கிய எடுக்க நேரம் எங்க இருக்கு? அங்க வேண்டியது இன்னொரு ஆளு, கொஞ்சம் தள்ளி, மறைவுல, நீளத் துப்பாக்கியோட நிக்குற ஆளு. கேரளா பார்டர்ல செக்போஸ்ட், பேங்க் பணம் போற வண்டி, கோர்ட்டுக்கு கைதி கொண்டு போற எஸ்கார்ட், இதுக்கெல்லாம் கண்டிப்பா வேணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. அதுக்குன்னு ஆயுதப்படை இருக்கு.

வீட்டு நடைக்கு வாற ரோந்து போலீசுக்கு வேணுமான்னா வேண்டாம்ங்கேன். நோட்டுல 3.10ன்னு இருக்குல்லா, ஒரு ராத்திரியில ஏடிஎம், நகைக்கடை, கோயில், சர்ச், பூட்டின வீடுன்னு சுத்திட்டு தூக்கம் இல்லாம விடியக்காலம் 3 மணிக்கு இருட்டுல நம்ம விளைக்குள்ள (தோட்டத்துக்குள்ள) நிக்குறாரு அவரு. அந்த நேரம் அங்க அசையுறது கள்ளனா மட்டும் இருக்காது, தலையில லைட்டு கட்டிட்டு ரப்பர் வெட்ட போற ஆளா இருக்கலாம், கையில கத்தி வேற இருக்கும். டார்ச் அடிச்சு யாருலேன்னு சத்தம் போட்டா முடிஞ்சு போற விஷயம். பூட்டை உடைக்குற கள்ளனை பிடிக்குறதுக்காக சுட்டு கொல்ல சட்டத்துலயும் இடம் இல்ல, அரெஸ்ட் பண்ணும்போது தூக்கு தண்டனை இல்லன்னா ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஆளோட உயிரை எடுக்க உரிமை இல்லன்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 46வது பிரிவுலயும் சொல்லிருக்கு, அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல 43வது பிரிவுலயும் அதே தான். உயிருக்கு ஆபத்துன்னா தற்காப்பு உண்டு, அது நமக்கும் உண்டு. அது போக துப்பாக்கியையே யாராவது காக்கணுமே! ஸ்டேஷன்ல பாரா நிக்குறதே அதுக்கும் சேத்து தான், குண்டு ஒண்ணு குறைஞ்சா கணக்கு சொல்லியே ஆள் செத்து போவான்.

இங்கிலாந்துல சாதாரண போலீசுக்கு இன்னைக்கும் துப்பாக்கி கெடையாது தெரியுமா? 1966 ஆகஸ்ட்ல லண்டன்ல ஒரே இடத்துல 3 போலீசை சுட்டு கொன்னாவ, அப்பவும் எல்லாருக்கும் குடுக்கல, தனியா ஒரு பிரிவு ஆரம்பிச்சு அவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தாவ. 2006ல போலீஸ் சங்கமே கருத்து கேட்டு பாத்தப்ப 100க்கு 82 பேரு எல்லா போலீசுக்கும் வழக்கமா துப்பாக்கி குடுக்க வேண்டாம்னு சொல்லிருக்காவ. அந்த தனிப்பிரிவு ஆளுங்களே 2005ல தீவிரவாதின்னு நெனச்சு ரயிலுக்குள்ள வச்சு ஒண்ணும் தெரியாத பிரேசில் பையனை சுட்டுட்டாவ. நியூசிலாந்துல வண்டிக்குள்ள பூட்டி வச்சிருப்பாவ, 2019ல ஆயுதத்தோட சுத்துற டீம் போட்டு பாத்துட்டு 2020ல வேண்டாம்னு விட்டாச்சு. இதையெல்லாம் சொன்னா அங்க உள்ள ஜனங்க வேற, நம்ம ஜனங்க வேறங்கிறாரு மச்சான். அது சரி தான். நம்ம ஆளுங்களுக்கு வேற ஞாபகம் இருக்கு. 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டம், புதுக்கடையில தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்ட கூட்டத்து மேல திருவிதாங்கூர் கொச்சி போலீஸ் சுட்டதை எங்க பக்கத்து கெழவங்க கண்ணால பாத்த மாதிரி சொல்லுவாவ, 2018ல தூத்துக்குடியில 13 பேரு. துப்பாக்கி இல்லன்னா எல்லாம் சரின்னும் சொல்ல மாட்டேன், சாத்தான்குளத்துல அப்பனும் மகனும் செத்ததுக்கு ஒரு குண்டும் செலவாகல.

நான் ரோந்துக்கு கேக்குறது வேற. நல்ல டார்ச் (அன்னைக்கு வந்தவரு செல்போன் லைட்டையும் சேத்து அடிச்சுட்டு இருந்தாரு, பாவம்), விளைக்குள்ளயும் கேக்குற வயர்லெஸ் மைக், மழைக்கு ஒரு நல்ல கோட்டு, பைக்குக்கு பதிலா ஜீப்பு. அந்த 2.15 கையெழுத்துக்கு கோட்டு இல்லாதது தான் காரணமோ என்னமோ.

எழுதி குடுக்க போறவங்க காலையில ரைட்டர் (ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குற போலீஸ்காரர்) இருக்குற நேரமா பாத்து போங்க, பேப்பர் ரெண்டு காப்பி எடுத்துட்டு ஒண்ணுல சீல் போட்டு வாங்கிடுங்க. திரும்பி வந்தாச்சுன்னா ஒரு போன் பண்ணி சொல்லிடுங்க, நான் சொல்ல மறந்துட்டு ராத்திரி 1 மணிக்கு கேட் ஆடுற சத்தம் கேட்டு வெட்டுகத்தியோட வெளிய வந்து நின்னேன், எதிர்ல அதே ஊர்க்காவல் படை பையன், "மாமா நான் தான், நான் தான்"னு அலறுறான்.