வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்றே ட்ரெய்லர் சாவியை வாங்காதீர்கள்

அமெரிக்காவில் ஆர்வி (கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் எண்ணத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 மார்ச்சில் ஹூஸ்டன் பக்கம் ஒரு டீலரிடம் பழைய டிராவல் ட்ரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஆர்வி, வாங்கி நன்றாக ஏமாந்தோம். புகார் நடப்பதால் டீலர் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை. வீட்டை விற்றுவிட்டு இரண்டு வருஷம் சாலையிலேயே இருப்போம் என்று கிளம்பினோம். முடிவெடுப்பது சுலபம், அதன் பின்னால் வருகிற சில்லறை வேலைகள்தான் ஆளைத் தின்றுவிடும். டெக்சாஸில் இப்படி வாழ்கிறவர்கள் பலர் லிவிங்ஸ்டன் ஊரில் தபால் முகவரி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு, நம் தபாலை வேறொருவர் வாங்கிக்கொள்ள அனுமதி தரும் 1583 படிவம், இரண்டு அடையாள அட்டை, நோட்டரி முன்னால் கையெழுத்து. பிறகு லைசென்ஸ், இன்சூரன்ஸ், வங்கி என்று ஒவ்வோர் இடத்திலும் முகவரி மாற்றம். வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்க டாக்டர் சீட்டு. கரண்ட், தண்ணீர் இணைப்பை நிறுத்துவது. சாமி படங்களையும் பாத்திரங்களையும் ஸ்டோரேஜில் போடுவது.

முதல் அடி இந்த அவசரத்தில்தான் விழுந்தது. இரவு பதினொன்றரைக்குப் போனில் தேடி, முதலில் வந்த பக்கத்தில் தபால் முகவரி மாற்றத்துக்கு 79 டாலர் கட்டினேன். அது விளம்பரம். தபால் துறையின் சொந்தப் பக்கமான யுஎஸ்பிஎஸ் டாட் காமில் அடையாளம் சரிபார்க்க ஒரு டாலரும் சில்லறையும்தான். தபால் நிலையத்துக்கு நேரில் போனால் அதுவும் கிடையாது. கார்டு கம்பெனியில் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். பெரிய அடி அடுத்த வாரம்.

பேசி முடித்தது 26 அடி ட்ரெய்லர், 2017 மாடல், 18,500 டாலர். வீட்டுப் பத்திரக் கையெழுத்து காலை பதினொரு மணிக்கு, ட்ரெய்லர் எடுப்பது மதியம் இரண்டு மணிக்கு. "காலையில் வீட்டைக் கொடுத்துவிடுகிறோம், ராத்திரி இதில்தான் படுக்க வேண்டும்" என்று விற்பனையாளரிடம் நானே வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியென்றால் அன்றைக்கு எப்படியும் எடுத்துக்கொண்டுதான் போவீர்கள்" என்றார். அந்தப் பேச்சுக்கு அர்த்தம் அப்போது புரியவில்லை.

வண்டியை ஒப்படைக்கும்போது தண்ணீர், கரண்ட், கேஸ் மூன்றையும் இணைத்து ஒவ்வொன்றாக ஓட்டிக்காட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிஷம். யார்டில் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்றார்கள். கேஸ் ஃப்ரிட்ஜ் குளிர ஏறக்குறைய ஓர் இரவு பிடிக்கும், ஆகவே அதைப் பார்க்க வழியில்லை என்றார்கள். முதல் நாளே போட்டு வைத்திருக்கலாமே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே மூக்கை அடைத்தது. டயர் நான்கும் புதுசு, கூரை சீல் செய்தாயிற்று, பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று எல்லாம் வாய்வார்த்தையாகவே வந்தது. நோட்டரி அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்ற கவலையில் நின்றபடியே கையெழுத்துப் போட்டோம். அதில் ஒரு தாள், இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்ளும் தாள்.

மறுநாள் காலை லிவிங்ஸ்டனுக்குக் கிளம்பினோம். டெக்சாஸ் கிளீவ்லாந்து தாண்டிச் சிறிது தூரத்தில் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். வலது பக்க டயர் வெடித்து, அந்த ரப்பர்ப் பட்டை சக்கரத்தின் மேலுள்ள தகரத்தையும் உள்ளே ஓடிய வயர்களையும் கிழித்துப்போட்டிருந்தது. உதவிக்கு வந்த மெக்கானிக் பெரியவர் என்னைக் குனியச் சொல்லி, மீதி இருந்த டயரின் உட்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 4116. அதாவது 2016ஆம் வருஷத்தின் 41ஆவது வாரம் செய்த டயர். வெளிப்பக்கத்தில் இந்தத் தேதி இல்லை. ஒரு பக்கம் முழு எண்ணும் மறுபக்கம் தேதியில்லாத எண்ணும் இருப்பது சாதாரணம்தானாம். ட்ரெய்லர் பெரும்பாலும் நின்றே கிடப்பதால் டயரின் பட்டை தேயாது, பார்க்கப் புதுசு போலவே இருக்கும். ஆனால் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து வெடித்திருக்கும். விரலால் தடவிப் பார்த்தேன், பக்கவாட்டில் பாத வெடிப்பு போலக் கோடு கோடாக இருந்தது.

டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. நீங்கள் குனிந்து பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

லிவிங்ஸ்டனில் நிறுத்திய மூன்றாம் நாள் மழை. ஸ்ப்ரே வாசனை போய்ப் பூஞ்சை நாற்றம் வந்தது. கட்டில் பலகையைத் தூக்கி மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், நனைந்த அப்பளம் போல உள்ளே போனது. கூரை மூலையில் பழைய வெடிப்பின் மேலேயே புது சீலன்ட்டைப் பூசியிருந்தார்கள். டயருக்கும் கிழிந்த பகுதிக்கும் 2,300 டாலர் ஆயிற்று. தரைக்கும் சுவருக்கும் 6,400 என்று மதிப்பீடு.

டீலரைக் கூப்பிட்டால், மூன்று நாள் என்று யாரும் சொல்லவில்லையே என்கிறார்கள். மூன்று நாளில் ரத்து செய்யலாம் என்னும் மத்திய அரசு விதி வீட்டு வாசலுக்கு வந்து விற்பது போன்ற விற்பனைக்கானது, டீலர் கடையில் வாங்கிய வண்டிக்குச் செல்லாது. இதை நானும் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். டயர் எண், கட்டில் மூலை, விளம்பரத்தில் "புது டயர்" என்று போட்டிருந்த பக்கம், எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியாயிற்று. அந்தப் பக்கத்தை வாங்குவதற்கு முன்பே சேமித்து வைத்தது வீட்டுக்காரர், அது இல்லாவிட்டால் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் தேசிய ஆர்வி இன்ஸ்பெக்டர்கள் சங்கத்தின் சான்று பெற்ற, டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கூட்டிப்போங்கள். சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகலாம், கொடுத்துவிடுங்கள். டீலர் வாயால் சொன்னதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டைக் கொடுக்கும் நாளுக்கும் வண்டி எடுக்கும் நாளுக்கும் நடுவே ஒரு வாரமாவது விட்டு, தெரிந்தவர் வீட்டிலோ மோட்டலிலோ தங்கிக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி படுக்க வேறு இடமில்லை என்பதை டீலரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

ரிப்பேர் முடியும்வரை நாங்கள் லிவிங்ஸ்டனில்தான் இருப்போம். ஹூஸ்டன் பக்கம் யாராவது ட்ரெய்லர் பார்க்கப் போவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் கூட வருகிறேன்.