எவன்ஸ் ஆக்ஸிலரி: பல வருடம் பயன்படுத்திய பிறகு

கைரல் ஆக்ஸிலரியெல்லாம் (மூலக்கூறில் தற்காலிகமாக மாட்டி, புதுப் பிணைப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வழிகாட்டவிட்டு, பிறகு கழற்றிவிடும் துணைத் துண்டுகள்) பழைய கதை என்று கருத்தரங்குகளில் அடிக்கடி காதில் விழுகிறது. 2001, 2021 என இரண்டு முறை நோபல் பரிசு கைரல் வினையூக்கிகளுக்குப் போன பிறகு அப்படிப் பேசுவது இயல்புதான். ஆனாலும் எவன்ஸ் ஆக்ஸிலரியான பென்சைல் ஆக்சசோலிடினோன் பாட்டில் எங்கள் ஆய்வகத்தில் காலியானதும் உடனே அடுத்தது ஆர்டர் ஆகிவிடும். டேவிட் எவன்ஸ் குழு 1981-இல் கொண்டுவந்த முறை இது. பீனைல்அலனினை ஒடுக்கி, கார்பனேட் கொண்டு வளையமாக்கினால் ஆக்ஸிலரி தயார்.

இதை விடாமல் வைத்திருக்க முக்கியக் காரணம், கிடைப்பது டயஸ்டீரியோமர் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமல்லாத முப்பரிமாண வடிவங்கள்) கலவை என்பது. வினையூக்கியில் 90 சதவீதம் ஈஈ (ஒரு கண்ணாடிப் பிம்ப வடிவம் மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்ற அளவு) வந்தால், மீதி 5 சதவீதம் பிம்ப மூலக்கூறு கடைசிப் படிவரை கூடவே வரும். சாதாரண சிலிக்கா காலத்தில் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்) பிரியாது. இங்கே விகிதம் சுமாராக வந்தாலும் பெரும்பாலும் காலம் போட்டோ படிகமாக்கியோ சுத்தமான ஒன்றை எடுத்துவிடலாம். விகிதம் பார்க்கக் கைரல் எச்பிஎல்சி (பிம்ப மூலக்கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) வரிசையில் நிற்கவும் வேண்டாம், சுத்திகரிக்காத கலவையின் என்எம்ஆர் நிறமாலையே போதும்.

ஆல்டால் வினைதான் (எனோலேட் என்ற வினைபடு வடிவத்தை ஆல்டிஹைடுடன் சேர்ப்பது) இதன் ராஜ்ஜியம். டைபியூட்டைல்போரான் ட்ரைஃப்ளேட், அமீன், மைனஸ் 78 டிகிரி, அப்புறம் ஆல்டிஹைடு: சின் பொருள் (புதிய இரு தொகுதிகளும் ஒரே பக்கம் நிற்பது) மட்டும் என்று சொல்லுமளவுக்கு வருகிறது. ட்ரைஃப்ளேட் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். ஈரம் பட்ட பாட்டிலை நம்பி நல்ல ஆல்டிஹைடைப் போடாதீர்கள். புது மாணவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆல்கைலேற்றத்தில் (எனோலேட்டில் ஒரு கார்பன் தொகுதியைச் சேர்ப்பதில்) சோடியமோ லித்தியமோ இரண்டு கார்போனைலையும் சேர்த்துப் பிடிக்கிறது. போரான் ஆல்டாலில் அந்தப் பிடி இல்லை; இருமுனைகள் எதிரெதிராக நிற்க ஆக்ஸிலரி திரும்பிக்கொள்கிறது. அதனால் ஒரே ஆக்ஸிலரி, ஆனால் எனோலேட்டின் வேறு முகம். படம் வரைந்து பார்க்காமல் ஆக்ஸிலரியின் எஸ் வடிவம் வாங்குவதா, அதன் கண்ணாடிப் பிம்பமான ஆர் வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டாம்.

ஆல்கைலேற்றத்துக்கு என் மதிப்பெண் குறைவு. அல்லைல் அயோடைடு, பென்சைல் புரோமைடு அருமை. சாதாரண ஆல்கைல் ஹாலைடு என்றால் இழுவைதான். அதற்கு சூடோஎபிட்ரினை ஆக்ஸிலரியாக்கும் மையர்ஸின் முறை, லித்தியம் குளோரைடு சேர்த்து, எவ்வளவோ மேல். ஆனால் போதைப்பொருள் மூலப்பொருள் என்பதால் சூடோஎபிட்ரின் கட்டுப்பாட்டில் உள்ளது. காகித வேலை வேதியியலைவிட நீளும்.

கழற்றுவதுதான் எரிச்சல். வெறும் லித்தியம் ஹைட்ராக்சைடு போட்டால், நெருக்கடியான மூலக்கூறுகளில் அது வளையத்துக்குள் இருக்கும் கார்போனைலைத் தாக்கி ஆக்ஸிலரியையே உடைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துப் போட்டால் சரியான பக்கம் உடையும். முடிந்ததும் மீதிப் பெராக்சைடை சோடியம் சல்ஃபைட்டால் அழித்த பிறகே ரோட்டரியில் (கரைப்பானை ஆவியாக்கும் கருவி) ஏற்றுங்கள், இதில் அலட்சியமே கூடாது. காரக் கரைசலில் ஆக்ஸிலரியை டைகுளோரோமீத்தேனில் பிரித்தெடுத்து, பிறகு அமிலமாக்கினால் உங்கள் கார்பாக்சிலிக் அமிலம் தனியே வந்துவிடும். ஆல்கஹால் வேண்டுமென்றால் லித்தியம் போரோஹைட்ரைடு. நேராக ஆல்டிஹைடு வேண்டுமென்றால் க்ரிம்மின்ஸின் தயசோலிடின்தயோன் ஆக்ஸிலரிக்கு மாறிவிடுங்கள்: டைட்டானியம் டெட்ராகுளோரைடில் ஆல்டால், டைபால் என்ற ஒடுக்கியில் வெட்டு. மஞ்சள் நிறம் என்பதால் காலத்தில் எங்கே இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு மோல் பொருளுக்கு ஒரு மோல் ஆக்ஸிலரி, மாட்டக் கழற்ற இரண்டு படிகள் என்ற குறை நியாயமானதே. ஆனாலும் எசெட்டிமைப் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரைக்கான தொகுப்பில்கூட பீனைல் ஆக்சசோலிடினோன் பயன்பட்டிருக்கிறது. கைரல் அமீன்தான் இலக்கு என்றால் மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள். எல்மனின் டெர்ட்-பியூட்டைல் சல்பினமைடு வாங்குங்கள். இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவமும் கிடைக்கும், மெத்தனாலில் கொஞ்சம் ஹெச்சிஎல் விட்டால் கழன்றுவிடும்.