மிச்ச விதைகள்: இழுப்பறையா, ஃபிரிட்ஜா, கண்ணாடிப் புட்டியா?

தக்காளி விதைப் பாக்கெட் ஒன்றைப் பிரித்தால், வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டிய நாற்றுகள் போகப் பெரும்பகுதி மிஞ்சிவிடும். மிஞ்சியதைப் பத்திரப்படுத்த நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பாக்கெட்டை மடித்து இழுப்பறையில் போடலாம். அதே பாக்கெட்டை ஃபிரிட்ஜ் கதவில் செருகலாம். நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் மூடலாம். இல்லையென்றால் ஃப்ரீசருக்கு அனுப்பலாம். நான் புட்டியின் பக்கம் போய்விட்டவன். ஆகவே இந்த அலசல் தராசு முள் நடுவில் நிற்கும் அலசல் அல்ல.

இழுப்பறையைப் பழிப்பது எளிது, ஆனால் அது பலருக்குப் போதும். அடுத்த பருவத்திலேயே விதைத்துவிடப் போகிறீர்கள், அறையும் ஓரளவு உலர்ந்தது என்றால் வேறு ஏற்பாடு எதற்கு? தக்காளி, கத்தரி, முட்டைக்கோஸ், முள்ளங்கி ஆகியவை மிதமான சூழலில் நான்கு ஆண்டுகள் வரை தாக்குப்பிடிப்பவை. வெள்ளரி ஐந்தையும் எட்டும். பீன்ஸ், கேரட் மூன்று ஆண்டு. வெண்டையும் மிளகாயும் இரண்டு ஆண்டுக்குள் தளரத் தொடங்கும். வெங்காய விதையைத்தான் நம்பவே முடியாது. ஓர் ஆண்டு கழிந்தாலே சந்தேகத்துக்குரியது. இவையெல்லாம் சராசரிக் கணக்கு. சூடும் புழுக்கமும் நிறைந்த அறையில் இந்த எண்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

பாதியாகக் குறைப்பது சூடா, ஈரமா என்பதில்தான் என் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. விதைக்குள் ஈரம் கூடினால் அதன் சுவாசமும் நொதிகளின் வேலையும் கூடும். சேமித்து வைத்த உணவு கரையும், உயிரணுக்களின் சவ்வுகள் சிதையும்; இன்னும் ஈரம் ஏறினால் பூஞ்சை வந்து மிச்ச வேலையை முடித்துவிடும். விதை தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. காற்று ஈரமானால் விதையும் ஈரமாகும். நடுவில் இருக்கும் காகித உறை இதைத் தடுப்பதே இல்லை. பாலித்தீன் பையும் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. உட்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய பாக்கெட் நன்றாகவே தடுக்கும். ஆனால் கத்தரிக்கோல் பட்ட நொடியோடு அந்தப் பெருமை போயிற்று. மடித்து ரப்பர் பட்டை போட்டால் திரும்ப வராது.

விதைச் சேமிப்பில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு கணக்கு உண்டு. ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை ஆய்வாளரின் பெயரால் அது வழங்குகிறது. விதையின் ஈரம் 1 விழுக்காடு குறையும் ஒவ்வொரு முறையும் அதன் சேமிப்பு ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் குறையும் ஒவ்வொரு முறையும் அதேபோல இரட்டிக்கும். ஈரத்தைப் பற்றிய விதி சுமார் 14 முதல் 5 விழுக்காடு வரையிலான எல்லைக்குள்தான் பொருந்தும். 12 விழுக்காட்டில் இருக்கும் விதையை 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் நான்கு முறை இரட்டிப்பு, அதாவது பதினாறு மடங்கு. காகிதக் கணக்குதான், தோட்டத்தில் இவ்வளவு துல்லியமாக நடக்காது. ஆனாலும் திசை சரி.

இதே கணக்கின்படி 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஃபிரிட்ஜுக்கு மாறினாலும் நான்கைந்து இரட்டிப்பு கிடைக்குமே, பிறகு உலர்த்துவதில் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. குளிர்ச்சி ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்வரைதான். மின்சாரம் போனாலும், பாக்கெட்டை மேசைமேல் மறந்துவைத்தாலும் அது கலைந்துவிடும். போகும்போது ஈரத்தையும் விட்டுச் செல்லும். ஜில்லென்ற பாக்கெட் வெளிக்காற்றைத் தொட்டதும் அதன்மேல் வியர்க்கும் நீர் நேராகக் காகிதத்துக்குள் இறங்கும். ஃபிரிட்ஜின் உட்புறமும் வறண்ட இடம் அல்ல. காய்கறி, திறந்த பாத்திரங்கள், நிமிடத்துக்கொரு முறை திறக்கும் கதவு என்று உள்ளே ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை உலர்த்தி இறுக மூடிய விதைக்கு இந்தக் கவலை இல்லை. மூடி திறக்கும்வரை அது உலர்ந்தே இருக்கும்.

ஹாரிங்டனின் பெயரோடே புழங்கும் இன்னொரு சுருக்க விதி, ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ஃபிரிட்ஜ் 41 டிகிரி, உள்ளே ஈரப்பதம் 70 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 111. வெளியே 86 டிகிரி அறையில், ஆனால் ஈரப்பதம் 20-க்கு இறங்கிய புட்டிக்குள் 106. இந்தக் கணக்கின்படி ஃபிரிட்ஜில் திறந்து கிடக்கும் பாக்கெட்டைவிட, ஃபிரிட்ஜே இல்லாத புட்டி நூலிழை முன்னால் நிற்கிறது. அதே புட்டியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் 61. நான் செய்வது இந்தக் கடைசி ஏற்பாட்டை.

உலர்த்துவதற்குச் சிலிக்கா ஜெல், அதாவது ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள். வெயிலில் காயவைத்தால் போதாதா என்றால், மிதமான வெயிலும் நிழலும் தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் சுற்றியுள்ள காற்றைவிட உலர்ந்த நிலைக்கு அவற்றால் விதையைக் கொண்டுபோக முடியாது. கடும் வெயில் சூடேற்றி விதையைக் கெடுக்கவும் செய்யும். விதையின் எடைக்குச் சமமான ஜெல்லை எடுத்து, விதை உறைகளோடு ஒரே புட்டியில் ஒரு வாரம் மூடிவைத்தால் சிறு விதைகள் உலர்ந்துவிடும். பீன்ஸ் போன்ற பருத்த விதைகளுக்குக் கூடுதல் நாள் தேவை. தயாரானதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பீன்ஸ் விதையைச் சுத்தியலால் தட்டினால் தெறித்துச் சிதற வேண்டும். நசுங்கிக் குழைந்தால் ஈரம் இருக்கிறது. வெள்ளரி, பூசணி விதைகளை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ஆனால் பீன்ஸ், அவரை வகைகளை ஜெல்லோடு மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். மிகையாக உலர்ந்த பயறினத் தோல் நீரை உள்ளே விடாமல் இறுகிவிடும், அல்லது திடீரென்று நீர் குடித்து உள்ளே விரிசல் விடும். உலர்ந்ததும் வேறு புட்டிக்கு மாற்றி, சிறு பொட்டல ஜெல் மட்டும் போட்டால் போதும்.

ஜெல்லுக்குப் பதில் அரிசியைப் போடச் சொல்பவர்கள் நிறைய. சாக்கிலிருந்து எடுத்த அரிசியிலேயே 12, 13 விழுக்காடு ஈரம் இருக்கும். அது விதையிடமிருந்து எதை உறிஞ்சும்? சூடாக்கி நன்றாக வறளவைத்து, ஆறும்வரை மூடிவைத்த அரிசி என்றால் சரி. ஓரளவு வேலை செய்யும். பால்பொடியும் அப்படித்தான், புதிதாகப் பிரித்ததாக இருந்தால் சில மாதம் தாங்கும்.

பராமரிப்பு என்று பார்த்தால் புட்டிக்கும் வேலை உண்டு. நிறம் மாறும் ஜெல் வாங்கினால் அது எப்போது நிரம்பிவிட்டது என்று தெரியும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருப்பதால் நான் ஆரஞ்சு நிறத்தையே எடுப்பேன். நிறம் மாறியதும் ஓவனில் சுமார் 110 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். புட்டியின் மூடிக்கு ரப்பர் வளையம் அவசியம். ஊறுகாய் வாசம் வெளியே வரும் மூடி என்றால் ஈரம் உள்ளே போகும் மூடி என்று பொருள். எல்லாவற்றையும் ஒரே பெரிய புட்டியில் அடைப்பதைவிட, பருவத்துக்கு ஒரு சிறு புட்டி என்று பிரித்துவைப்பது மேல். ஒன்றை எடுக்க எல்லாவற்றையும் திறக்க வேண்டியதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த புட்டியை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கவே கூடாது. இரவு வெளியே எடுத்துவைத்துக் காலையில் திறப்பது என் பழக்கம். பெயரும் ஆண்டும் எழுதுவதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ரீசருக்கு வாதாட உலகின் விதை வங்கிகள் எல்லாம் இருக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறக்கப்பட்ட விதைக் காப்பகம் கழித்தல் 18 டிகிரியில் இயங்குகிறது. ஆனால் அங்கே போகும் விதைகள் முதலில் உலர்த்தப்பட்டு, பிறகே உறையவைக்கப்படுகின்றன. ஈரமான விதையை உறையவைத்தால் உள்ளே பனிப்படிகம் வளர்ந்து உயிரணுக்களைக் கிழித்துவிடும். ஆகவே ஃப்ரீசரில் வைப்பவரும் முதலில் புட்டிக்காரராக வேண்டும். இந்த வழியில் என் அனுபவம் மெலிது. கொஞ்சம் தக்காளியும் முள்ளங்கியும் வைத்து எடுத்தேன், நன்றாகவே முளைத்தன. ஃபிரிட்ஜில் இருந்தவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஐந்தாறு ஆண்டுக்குள் தீரப் போகும் விதைக்கு இது அதிகம் என்பது என் எண்ணம். கிடைக்காத அரிய ரகம் ஒன்று கையில் இருந்தால் பேச்சு வேறு. அவரை, காராமணி போன்றவற்றுக்கு மட்டும் ஃப்ரீசரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பயறு வண்டு செடியில் இருக்கும்போதே முட்டையிட்டிருக்கும். நன்கு உலர்ந்த விதையை ஒரு வாரம் உறையவைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு புட்டி.

எந்த வழியாலும் நெடுநாள் காப்பாற்ற முடியாத சில உண்டு. நாற்று சீராக வர முன்கூட்டியே நனைத்து உலர்த்திய விதைகள், மேலே களிமண் பூசி உருண்டையாக்கிய விதைகள் ஆகியவை சாதாரண விதையைவிடச் சீக்கிரம் தளரும். கலப்பின விதை என்பதற்காகத் தயங்க வேண்டாம். அதன் காயிலிருந்து எடுக்கும் விதைதான் தாயைப் போல வராது. பாக்கெட்டில் மிஞ்சிய விதை ஆண்டு கழிந்தாலும் அதே ரகம்தான்.

பழைய விதையை விதைக்கும் முன் பத்தை எண்ணி ஈரக் காகிதத்தில் சுருட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பாருங்கள். முள்ளங்கி சில நாளில் பதில் சொல்லும், மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். எட்டு, ஒன்பது முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். ஐந்தாறு என்றால் நெருக்கமாகத் தூவுங்கள். முளைத்தவையும் மெதுவாகவே எழும், ஏனென்றால் முளைப்புத் திறன் குறையும் முன்பே வீரியம் குறைந்துவிடுகிறது. இரண்டு மூன்றுதான் என்றால் திரும்பப் புட்டிக்குள் போடாமல் மொத்தத்தையும் ஒரே பாத்தியில் கொட்டிவிட்டு, புதுப் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.