கன்னியாவின் பாறைக்கு எந்தத் துளை? புவிவெப்பக் கிணற்றின் செலவைக் குறைக்கும் மூன்று கூட்டு முயற்சிகள்

திருகோணமலையில் குழாய்க்கிணறு அடிப்பவர்கள் அடிக்கணக்கில் விலை பேசுவார்கள். பூமியின் உள்வெப்பத்தை ஆற்றலாக எடுப்பதற்கான புவிவெப்பக் கிணற்றைத் தோண்டும் பெரிய றிக், அதாவது துளையிடும் இயந்திரக் கோபுரம், பெரும்பாலும் நாட்கணக்கில் வாடகைக்கு வருகிறது. ஆகவே அங்கே ஆழத்தைவிட நாட்களே பணத்தைத் தின்கின்றன. மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் துளைமுனை தேய்ந்துவிட்டால், குழாய்த்தொடர் முழுவதையும் துண்டுதுண்டாகக் கழற்றி மேலே எடுத்து, முனையை மாற்றி, மீண்டும் இறக்க வேண்டும். அந்நேரம் முழுவதும் துளை ஓர் அங்குலமும் இறங்காது. வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். இந்தச் செலவைத் தனியொரு நாடு பரிசோதித்துக் குறைப்பது கடினம் என்பதால் பல தரப்புகள் கூடி ஆராய்ந்திருக்கின்றன. அவற்றில் மூன்றை, திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றை மனத்தில் வைத்து ஒப்பிடுவதே இங்கு நோக்கம்.

முதலாவது ஐஸ்லாந்தின் ஆழ்துளைத் திட்டம். அந்நாட்டு மின் நிறுவனங்கள், நோர்வேயின் எண்ணெய் நிறுவனம், கண்டங்களின் நிலப்பரப்பில் ஆழ்துளையிட்டு ஆராயும் சர்வதேச அறிவியல் அமைப்பு ஆகியவை இதில் பங்கேற்றன. இதன் தர்க்கம் துளையை மலிவாக்குவதல்ல. ஒரே துளையிலிருந்து பல மடங்கு ஆற்றல் எடுப்பது. 2009இல் கிராஃப்லா எனும் எரிமலைப் பகுதியில் ஏறத்தாழ 2.1 கிலோமீற்றரிலேயே துளை உருகிய பாறைக்குழம்பில் முட்டியது. பின்னர் அங்கிருந்து 450 பாகை செல்சியஸ் அளவிலான நீராவி கிடைத்தது. ஆனால் அந்த வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் வால்வுகள் தாங்காமல் 2012இல் கிணறு மூடப்பட்டது. இரண்டாவது கிணற்றைப் புதிதாகத் தொடங்காமல், ரெய்க்யானெஸில் ஏற்கெனவே இருந்த 2.5 கிலோமீற்றர் கிணற்றையே ஆழப்படுத்தி, 2017 ஜனவரியில் 4,659 மீற்றரை எட்டினார்கள். பழைய கிணற்றைப் பயன்படுத்திய அந்தச் சிக்கனம் பாராட்டத்தக்கது. எனினும் எரிமலை இல்லாத நமக்கு இத்திட்டம் வியந்து பார்ப்பதற்கே உதவும்.

இரண்டாவது, பிரான்சின் சூல்ட்ஸ் எனும் ஊரிலுள்ள புவிவெப்பத் திட்டம். பிரான்ஸ், ஜேர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் பணத்தில் 1987இல் தொடங்கியது. அங்கு இருப்பது எரிமலையல்ல, கருங்கல்; 5 கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பம் ஏறத்தாழ 200 பாகை. இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்தது சுமார் 1.5 மெகாவாட் மின்சாரமே. கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்தால் இது தோல்வி. ஆனால் இயற்கையான பாறைப் பிளவுகளில் நீர் எப்படி ஓடுகிறது என்பதை அங்கே கற்றுக்கொண்டதால்தான், அருகிலுள்ள ரிட்டர்ஷோஃபனில் பாதி ஆழத்திலேயே கிணற்றை நிறுத்தி, 2016 முதல் ஆலை ஒன்றுக்கு 24 மெகாவாட் வெப்பம் வழங்க முடிந்தது. தோண்டாமல் விட்ட மீற்றரைவிட மலிவான மீற்றர் கிடையாது.

மூன்றாவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஃபோர்ஜ் எனும் திறந்த ஆய்வுக்களம். பணம் அமெரிக்க எரிசக்தித் துறையுடையது. ஆயினும் அளவீடுகள் எந்த நாட்டவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்படுகின்றன. கூட்டாண்மை ஒப்பந்தம் எழுதாமலே கிடைக்கும் கூட்டுறவு இது. செயற்கை வைரப் பற்கள் பதித்த துளைமுனைகள் கடினக் கருங்கல்லுக்கு ஒவ்வாதவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1970களில் புவிவெப்பத்துக்காகவும் ஆராயப்பட்ட அந்த முனைகள் எண்ணெய்க் கிணறுகளில் செழித்துவிட்டுத்தான் கருங்கல்லுக்குத் திரும்பின என்பது சுவையான செய்தி. ஃபோர்ஜில், பாறையை வெட்டச் செலவாகும் ஆற்றலை நொடிக்கு நொடி கவனித்து, அதிர்வு எங்கே முனையை உடைக்கிறது என்று கண்டு, முனைமேல் ஏற்றும் எடையையும் அதன் சுழற்சியையும் மாற்றிய பிறகு, துளையிடும் வேகம் கிணற்றுக்குக் கிணறு கூடியது. அதே வட்டாரத்தில் தோண்டிய தனியார் நிறுவனமான ஃபெர்வோ, கிணறு ஒன்றின் செலவு 9.4 மில்லியன் டொலரிலிருந்து 4.8 மில்லியனாகக் குறைந்ததாக 2024இல் அறிவித்தது. நிறுவனத்தின் சொந்தக் கணக்கு என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்து படித்தாலும், திசை தெளிவானது.

கன்னியாவின் ஏழு கிணறுகளில் நீர் 40 பாகையை ஒட்டியே இருக்கிறது. அடியில் இருப்பது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய மிகப் பழைய கடினப் பாறை. ஆழம் போகப்போக வெப்பம் மெதுவாகவே ஏறும் வகை. ஆகவே மின்சாரம் வேண்டுமானால் ஆழம் தவிர்க்க முடியாதது, ஆழம் வேண்டுமானால் கடினக்கல்லில் வேகம் தவிர்க்க முடியாதது. அதனால் என் தெரிவு மூன்றாவது. பிளவுகளைத் தேடும் சூல்ட்ஸின் பாடம் அதற்குத் துணை. நீர் ஓட வழி உண்டாக்குவதற்காக நீரை அழுத்திப் பாறையைப் பிளக்கும் கட்டத்தில் மட்டும் தென்கொரியாவின் போஹாங் நகரை மறக்கக்கூடாது. 2017இல் அங்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தை அத்தகைய திட்டமொன்றே தூண்டியதாக அரசு நியமித்த ஆய்வுக்குழு முடிவு செய்தது.

பெரிய றிக்கை வரவழைக்கும் முன், ஊற்றுக்கு இடையூறு வராத தூரத்தில், சில நூறு மீற்றர் ஆழமுள்ள ஒடுக்கமான துளைகளைப் போட்டு, ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் வெப்பம் எத்தனை பாகை ஏறுகிறது என்று அளக்கலாம். அந்த அளவீட்டை நாமும் திறந்து வெளியிட்டால், சர்வதேசக் கூட்டுறவில் வெறுங்கையோடு உட்கார வேண்டியிருக்காது.