பழைய ஜேசிபி: ஹவர் மீட்டர் சொல்லாதவை

வீட்டு அஸ்திவாரம், செப்டிக் டேங்க் குழி, தென்னை வேர் பறிப்பது, ஏரி வண்டல் அள்ளுவது என்று ராசிபுரம் வட்டாரத்தில் சில்லறை வேலைக்கு ஓடும் வண்டி என்னுடையது. 2014 மாடல் பேக்ஹோ லோடர், அதாவது முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள ஜேசிபி. 2019-இல் வாங்கியபோது, எஞ்சின் ஓடிய மணியைக் கணக்கிடும் ஹவர் மீட்டர் 6,800 காட்டியது. இப்போது 11,000 தாண்டிவிட்டது. எஞ்சினை இதுவரை பிரிக்கவில்லை.

வாங்க அலைந்த காலத்தில் எல்லோரும் முதலில் சொன்னது மாடலும் மணிக்கணக்கும்தான். இரண்டுமே எனக்குப் பெரிதாக உதவவில்லை. மீட்டரை மாற்றுவது பட்டறையில் அரை மணி நேர வேலை. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, சீட் கிழிந்து, லீவர் குமிழில் எழுத்தே அழிந்திருக்கும் வண்டியில் மீட்டர் மட்டும் 3,000 காட்டினால் யாரை நம்புவது?

அதைவிட முக்கியம், வண்டி முன்பு எங்கே வேலை செய்தது என்பது. செங்கல் சூளையில் ஓடிய வண்டிக்கு முன்பக்கம் தேய்ந்திருக்கும்: லோடர் கைகள், கியர்பாக்ஸ், பிரேக். பின்பக்கத் தோண்டும் கை புதிதுபோல இருக்கும். பைப் லைன் பள்ளம் எடுத்த வண்டி இதற்கு நேர்மாறு. பாறை உடைக்கப் பிரேக்கர் மாட்டிய வண்டியில், அந்த அதிர்ச்சி முழுவதையும் பூமும் (தோண்டும் கையின் பெரிய பகுதி), மூட்டுகளைக் கோக்கும் இரும்புப் பின்களும் வாங்கியிருக்கும். பூமின் அடிப்பகுதியில் வெல்டிங் தழும்பு தேடுங்கள். இறால் பண்ணைப் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டி வெளியே மினுங்கும், வயரிங் கனெக்டரைக் கழற்றினால் பச்சைப் பூத்திருக்கும். புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் நான் கிட்டவே போகமாட்டேன். எனக்கு வண்டி காட்ட வந்த ஒரு தரகர் அடித்திருந்த பெயிண்ட், ஹைட்ராலிக் ஹோஸ் மேலும் கிரீஸ் நிப்பிள் மேலும் கூடப் படிந்திருந்தது. நிப்பிளில் பெயிண்ட் மூடியிருந்தால் கிரீஸ் எங்கே ஏறும்?

நான் வாங்கியது, சொந்தமாக ஓட்டிப் பிழைத்த ஒருவரிடம். வண்டி பார்க்க அழுக்கு. ஆனால் ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் பழைய கிரீஸ் பிதுங்கி நின்றது. சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டார், கொடுத்தேன்.

வண்டி பார்க்கப் போகும்போது, முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ச்சியில் கிளம்பாத வண்டியாக இருக்கலாம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை புஸ்ஸென்று வரக் கூடாது. சைலன்சர் புகை நீலமாகவே நீடித்தால் ஆயில் எரிகிறது. பின்கால்களை ஊன்றி டயர்களைத் தரையிலிருந்து தூக்கி, பூமையும் உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இறங்கியிருந்தால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. சிலிண்டர் ராடில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால், எத்தனை முறை சீல் மாற்றினாலும் நிற்காது. ஹைட்ராலிக் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர்பாக்ஸை மட்டும் நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள்: முன்னே, பின்னே போட்டதும் வண்டி யோசித்துவிட்டு நகர்ந்தால் செலவு பெரிது.

கடைசியாக, பக்கெட்டைத் தரையில் ஊன்றி மெதுவாக அழுத்தச் சொல்லி, பூம் திரும்பும் கிங் போஸ்டைக் கவனியுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் மாற்றினால் மட்டும் போதாமல் போகலாம். துளையே முட்டை வடிவமாகியிருந்தால் வெல்டிங் நிரப்பி, மறுபடி வட்டமாகக் கடையும் போரிங் வேலை செய்ய வேண்டும். என் வண்டிக்கு 9,000 மணியை ஒட்டி அது வந்தது. நல்ல பட்டறை கிடைப்பதே பெரும்பாடு. அந்த வேலை முடியும்வரை வண்டி நின்றதுதான் பட்டறைக் கூலியைவிடப் பெரிய நஷ்டம்.

மற்றபடி ஹோஸ், பக்கெட் பல், பின் டயர், முன் ஆக்சில் புஷ் எல்லாம் எதிர்பார்த்த செலவுகள். 500 மணிக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில், தினமும் காலையில் கிரீஸ். ஆபரேட்டருக்குச் சம்பளம், பேட்டா போக, கிரீஸ் அடிக்கவென்று தனியாக ஒரு தொகை கொடுக்கிறேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆவணத்தில் சோம்பல் வேண்டாம். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் ஃபைனான்ஸ் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். சேசிஸ் எண்ணைத் துடைத்து நீங்களே படியுங்கள்.

2021 ஏப்ரலில் புதிய புகை விதி வந்த பிறகு வெளியான வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் கூடுதல். டீசல் சிக்கனம் உண்டு என்கிறார்கள். ஆனால் சென்சார் மக்கர் செய்தால் ஸ்கேனர் வைத்திருப்பவர் வர வேண்டும். என் பழைய மெக்கானிக்கல் பம்ப்பை உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுகிறார். கம்பெனி சர்வீஸ் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இன்றும் பழைய மாடலைத்தான் சொல்வேன். ஆனால் வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது முதல் வருடச் செலவுக்குக் கையில் இல்லாதவர்கள், கொஞ்ச காலம் வாடகைக்கு எடுத்தே வேலை பார்ப்பது நல்லது.