பிளெண்டரில் அப்பாயியின் காம்பரா

கணினியில் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளைப் பாவிக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. ஹட்டன் பக்கம் பழைய பங்களாக்களைத் தங்குமிடமாக்குகிறவர்களுக்கு, வேலை முடிந்தால் அறை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படம் செய்துகொடுக்கிறேன். ஆனால் இந்த மென்பொருள் எவ்வளவு தாங்கும் என்று எனக்கு உண்மையாகத் தெரிந்தது, அப்பாயி இருந்த லயக் காம்பராவை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறையை, அதில் கட்டியபோதுதான். லயத்தை இடித்துவிட்டார்கள். மிச்சம் நான்கைந்து போட்டோவும் எங்கள் ஞாபகமும்.

பிளெண்டருக்குக் காசு கட்டத் தேவையில்லை. 2002இல் மூல நிரலைத் திறந்துவிட்டதிலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம், செய்த படத்தை விற்கவும் செய்யலாம். செய்த காட்சியைப் படமாக்கித் தரும் அதிலுள்ள சைக்கிள்ஸ் ரெண்டர் வெளிச்சத்தை ஒழுங்காகக் கணக்குப் போடுகிறது: வாசலால் வரும் ஒளி சிவப்புச் சீமெந்துத் தரையில் பட்டு, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் சுவரின் அடிப்பக்கத்தில் ஏற்றிவிடும், நாம் எதுவும் செய்யத் தேவையில்லை. நம்ம ஊர் அறைக்குச் சுள்ளென்று வெயில் வைத்தால் எடுபடாது. வெளியே மூட்டமான வானத்தின் எச்டிஆர்ஐ (சுற்றிலும் வெளிச்சம் தரும் வானப் படம்), உள்ளே ஒரே ஒரு மின்குமிழ், ஒளியின் நிறத்தை வெப்பநிலையால் தீர்மானிக்கும் பிளாக்பாடி நோடில் மஞ்சள் வெளிச்சத்துக்கு 2700 கெல்வின். வாசல் பக்கம் நீலம், அடுப்படிப் பக்கம் மஞ்சள், பின்னேரப் பனிமூட்டம் தானாக வந்துவிட்டது. 2023இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து வெளிச்சத்தைத் திரைக்கேற்ற நிறமாக மாற்றும் ஏஜிஎக்ஸ் இயல்பாகவே போடப்பட்டிருப்பதால் வாசல் வெளுத்துப்போவதும் குறைவு.

சிக்கல் என்னவென்றால், அதில் செய்யும் எல்லாமே புத்தம் புதிதாக இருக்கும். ஒரு மேசை செய்தால் ஓரம் கத்தி மாதிரி. பெவல் போட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழுக்கினால்தான் ஓரத்தில் மெல்லிய ஒளிக்கோடு விழும், அப்போதுதான் கண் நம்பும். அழுக்கும் அப்படித்தான், ஒரு அழுக்குப் படத்தைச் சுவர் முழுக்கப் பூசினால் வேலைக்காகாது, ஏனென்றால் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இஸ்தோப்பு என்ற முன் திண்ணையிலிருந்து அடுப்படிக்கு ஆட்கள் நடந்த வழி மட்டும் தரை வழுவழுத்து மினுங்கும், மூலைகள் மங்கிக் கிடக்கும். அதை, எந்த இடம் மினுங்கும் எந்த இடம் மங்கும் என்று சொல்லும் ரஃப்னஸ் மேப்பில் கையாலேயே வரைந்தேன். கதவு நிலையில் கை பிடிக்கும் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்புக்கு மேலே கூரைத் தகரம் வரை புகை, ஆனால் சாமிப் படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சதுரமாக வெளிறிய சுவர். அந்தச் சதுரத்தை வைத்த பிறகுதான் அத்தை கிட்டே வந்து பார்த்து, "படத்த யாருடா கழட்டுனது?" என்று கேட்டார்.

படத்தில் வரும் புள்ளிகளைத் துடைக்கும் டிநாய்சரில்தான் எனக்கு மனக்குறை. யன்னல் சின்னது, கதிர்கள் உள்ளே நுழைவது குறைவு, அதனால் மணல் தூவினது போலப் புள்ளி புள்ளியாக வரும். டிநாய்சர் அதைத் துடைக்கும்போது கரித்தடத்தையும் சேர்த்துத் துடைத்துச் சுவரை மெழுகாக்கிவிடுகிறது. யன்னலில் ஏரியா லைட் என்ற தட்டையான விளக்கை வைத்து, வெளி ஒளி எந்த வழியால் வருகிறது என்று காட்டும் போர்ட்டல் என்பதைத் தெரிவு செய்தால் புள்ளி குறையும். அப்புறம் சாம்பிளை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போடும் கதிர்களின் எண்ணிக்கையை, கூட்டத்தான் வேண்டும். என் மடிக்கணினியில் ஒரு படத்துக்கு இரவு முழுக்கப் போனது.

மரம், துருப்பிடித்த தகரம், சீமெந்து எல்லாவற்றின் மேற்பரப்புப் படங்களையும் பாலி ஹேவன் என்ற இணையத்தளத்தில் இலவசமாக எடுத்தேன், தரமும் நல்லது. கொழுந்துக்கூடை, அம்மி, நெளிந்த அலுமினியக் குடம் எங்கே தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாக நானே செய்தேன், மூன்று குடத்தையும் மூன்று இடத்தில் நெளித்து. ஒரே குடத்தை மூன்று தரம் நகலெடுத்து வைத்தால் பார்க்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

உட்புற வேலை செய்ய நினைப்பவர்கள் தயங்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் அறையாகக் காட்சியறைப் படத்தைப் பார்த்துச் செய்யாமல், உங்கள் வீட்டுக் குசினியைச் செய்யுங்கள். எந்த இடத்தில் எது தேய்ந்திருக்கிறது என்று எழுந்து போய்த் தொட்டே பார்க்கலாம்.